தண்ணி காட்டும் வீடு

அத்தியாயம் 6

“இங்கே யாருக்கும் எந்தக் குறையும் இல்லீங்க” என்று நிர்வாகி அம்மா சொன்னபோது மணி இரண்டு பத்து. இரண்டேகாலுக்குள் அதையே இன்னும் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டார். நான்காவது தடவை வாயைத் திறக்கவில்லை, சிரித்தே சொன்னார்.

கமா நோட்டில் எழுதிக்கொண்டான்: குறை – இல்லை (நான்கு தடவை).

கமா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத பெரியவர்கள் தங்கும் இல்லங்களைக் கண்காணிக்க அரசாங்கத்தில் ஒரு துறை உண்டு. அதன் புகார் விசாரணைப் பிரிவில் அவன் உதவியாளனாகச் சேர்ந்த முதல் வாரமே யாரோ வைத்த பெயர். யார் பேசினாலும் நடுவில் நுழைந்துவிடுவான். அவன் நுழைந்ததால் எந்தப் பேச்சும் நின்றதில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போகும், அவ்வளவுதான்.

அவனுடைய மேலதிகாரிக்கு எக்ஸ்ரே என்று பெயர். இதுவும் ஆபீஸ் உபயம். ஐம்பத்தைந்து வயது, பருத்திப் புடவை, சட்டை சதை எல்லாவற்றையும் தாண்டி எலும்பில் போய் நிற்கும் பார்வை. பெயர் தனக்குத் தெரியும் என்பதை அவர் மறைத்ததே இல்லை. “சரியாத்தான் வச்சிருக்காங்க. எக்ஸ்ரே எடுத்தா முறிவு தெரியும். ஒட்டாது” என்பார்.

அந்த எக்ஸ்ரேயின் கைப்பையில் ஒரு மொட்டைக் கடுதாசி இருந்தது. கையெழுத்தில்லாமல் இந்த இல்லத்தைப் பற்றி வந்த மூன்றாவது கடிதம்.

முதல் இரண்டிலும் ஒரே வரி. “இந்த இல்லத்தில் எங்களுக்குத் தண்ணி காட்டுகிறார்கள்.” ஆபீஸில் அதைப் படித்த குமாஸ்தா, போலீசுக்குத் தண்ணி காட்டிய திருடன் கணக்கில் எடுத்துக்கொண்டு, ‘அலைக்கழிப்பு பற்றிய பொதுவான மனக்குறை’ என்று ஓரத்தில் குறிப்பெழுதினார். விசாரிக்கப் போன வேறொரு அதிகாரி ஒவ்வொரு கட்டிலாகப் போய், “உங்களை யாராவது அலைக்கழிக்கிறாங்களா?” என்று கேட்டார். படுத்த படுக்கையாக இருப்பவர்களை யார் எங்கே அலைக்கழிப்பது? “இல்லை” என்றார்கள். அதிகாரி டீ குடித்துவிட்டு வந்துவிட்டார். இரண்டு தடவையும்.

மூன்றாவதில் கூடுதலாக ஒரு பத்தி இருந்தது. “11-ம் நம்பருக்கு மூத்திரத்தில் ரத்தம் வந்து ரெண்டு தடவை ஆஸ்பத்திரி போய் வந்தாச்சு. மூணாவது தடவை போனால் திரும்பி வரமாட்டார் என்று டாக்டரே சொல்லிவிட்டார். சீக்கிரம் வாருங்கள். இப்படிக்கு, இங்கே இருப்பவர்கள்.”

துறையின் விதி தெளிவானது, அதாவது இரக்கமில்லாதது. ஒரே இல்லத்தின் மேல் மூன்று மொட்டைக் கடுதாசி வந்து மூன்றும் நிரூபணமாகாவிட்டால், ‘தொல்லைப் புகார்’ என்று முத்திரை குத்திக் கோப்பை ஒரு வருஷத்துக்கு மூடிவிட வேண்டும். மூடாமல் இருக்க வேண்டுமென்றால், விசாரிக்கப் போன அன்றைக்கே யாராவது ஒருவர் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

“பதினொண்ணாம் நம்பர் யாருங்க?” என்றார் எக்ஸ்ரே.

நிர்வாகி அம்மாவின் சிரிப்பு ஒரு சுற்றுப் பெருத்தது. “நம்பரா? நாங்க இங்க நம்பரே வைக்கிறதில்லீங்க. இது லாட்ஜ் இல்ல, வீடு. இருபத்தோரு பேரும் எங்க உறவுகள்.”

“அதுல உங்களுக்கு என்ன முறை வேணும் மேடம்?” என்று கமா நுழைந்தான். “இருபத்தோரு பேருக்கும் நீங்க மருமகளா, மாமியாரா?”

எக்ஸ்ரே அவனைப் பார்த்தார். அவன் எலும்பு குளிர்ந்தது.

கூடம் நீளமாக, சுத்தமாக இருந்தது. சுவரில் ஒரு படம், நீல நிறத்தில் ஒரு துளி சிரித்துக்கொண்டிருந்தது. ‘தாராளமாகத் தண்ணீர் குடிப்போம்!’ பக்கத்துக்குப் பதினொன்றாக இரண்டு வரிசைக் கட்டில்கள். எதிலும் நம்பர் இல்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு சின்ன மேஜை, மேஜைமேல் ஒரு ஜக், அல்லது பாட்டில். எல்லாம் நிறையத் தண்ணீர். கால்மாட்டில் ஓர் அட்டை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ‘தண்ணீர் குடித்தாச்சு’ என்று டிக் போட்டிருந்தது.

கமா வாசல் பக்கமிருந்து எண்ணினான். பதினொன்றாவது கட்டிலில் ஒரு பாட்டி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கடிதம் எழுதியவர் ‘வரமாட்டார்’ என்றுதானே எழுதியிருந்தார், ஆணா பெண்ணா என்று தமிழ் மரியாதை காட்டிக்கொடுக்கவில்லை. உள்பக்கமிருந்து எண்ணினான். அங்கே யாருமே இல்லாத கட்டில். “மேடம், பதினொண்ணாம் நம்பர் ஒண்ணு தூங்குது, இல்ல கிளம்பிட்டுது.”

“வாயைக் கழுவு” என்றார் எக்ஸ்ரே.

ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண்மணி அவனைக் கையசைத்துக் கூப்பிட்டார். முப்பத்தோரு வருஷம் ஒரு கம்பெனியில் டைப் அடித்தவராம். இப்போது விரல்கள் பத்தும் பத்துத் திசையில் வளைந்திருந்தன. வாய் மட்டும் நேராக இருந்தது.

“தம்பி, விசாரணைக்கு வந்தீங்களா, இடம் பார்க்க வந்தீங்களா? உங்க வயசைப் பார்த்தா இன்னும் முப்பது வருஷம் இருக்கே.”

“இப்பவே சொல்லி வச்சிடலாம்னு வந்தேன்மா.”

“ஜன்னலோரம் கேளுங்க. கிடைக்காது. ஆனா கேளுங்க.”

எக்ஸ்ரே கடிதத்தை நீட்டினார். “இது நீங்க எழுதினதா?”

டைப்பிஸ்ட் அம்மா படித்தார். மறுபடி படித்தார். “நான் எழுதியிருந்தா மார்ஜின் விட்டிருப்பேன்” என்றார்.

“பதினொண்ணாம் நம்பர் யாரு?”

“அது என்ன ஜெயில் மாதிரி? எங்களுக்குள்ள யாரும் நம்பர் சொல்லிக்கிறதில்லையே. அதோ கண்டக்டர், இது டெய்லர், அந்தப் பக்கம் போஸ்ட்மாஸ்டர் சம்சாரம். நம்பர்னா எனக்கு என் வயசு மட்டும்தான் தெரியும். அதையும் குறைச்சுத்தான் சொல்வேன்.”

“இவங்கள்ல யாரு ஆஸ்பத்திரிக்குப் போனது?”

டைப்பிஸ்ட் அம்மா வளைந்த விரல்களைப் பார்த்துக்கொண்டார். “எல்லாரும்தான் போறோம் வர்றோம்” என்றார்.

கண்டக்டர் அந்தக் காலிக் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் இருந்தார். அகலமான தோள்கள். வாரிவிட்ட தலை. வலது கையும் வலது காலும் பக்கவாதத்தில் போய்விட்டன. போகும்போது பேச்சையும் அள்ளிக்கொண்டு போயிருந்தன. ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது. வாழ்நாள் முழுக்க பஸ்ஸைக் கிளப்பிய வார்த்தை.

“வணக்கம் ஐயா, எப்படி இருக்கீங்க?” என்றான் கமா.

“ரைட்.”

“தண்ணி குடிச்சீங்களா?”

“ரைட்.”

“குடிக்கலையா?”

“ரைட்.”

“ரொம்ப ஒத்துழைப்புத் தருவாருங்க. எது கேட்டாலும் ரைட்தான்” என்று நிர்வாகி அம்மா பூரித்தார்.

கமாவுக்கு ஒரு ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. நம்ம ஆபீஸில் இப்படி நாலு பேர் இருந்தால் கோப்பு எப்படி ஓடும் என்று. சொல்ல வாயெடுத்தவன் அந்த மனிதரின் கண்ணைப் பார்த்தான். கண் வேறு வார்த்தை பேசிக்கொண்டிருந்தது. அது கமாவையும் பார்க்கவில்லை, மேடத்தையும் பார்க்கவில்லை. ஜக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. உதடு வெடித்து, வெடித்த இடத்தில் தோல் வெள்ளையாக நின்றது.

எக்ஸ்ரே அவருடைய ஆஸ்பத்திரிக் காகிதத்தை அட்டையிலிருந்து எடுத்தார். இரண்டு தடவை சேர்த்த விவரம். கீழே டாக்டரின் கிறுக்கல்: நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் கட்டாயம், இன்னொரு தடவை தொற்று வந்தால் சிறுநீரகம் தாங்காது.

“இவர்தான் அந்தப் பதினொண்ணு” என்றார் எக்ஸ்ரே மெதுவாக. பிறகு, “கமா, பக்கத்துக் கட்டில் காலியா இருக்கு பார். ஏறிப் படு.”

“மேடம், ஆபீஸ் நேரத்துல...”

“உனக்குப் பழக்கம்தானே. படு. வலது கையை உடம்புக்கு அடியில வச்சுக்கோ. வலது காலை அசைக்காதே. இப்ப மேஜைமேல இருக்கிற ஜக்கை எடு.”

கமா படுத்தான். கண்டக்டருடையதைப் போலவே மேஜை வலது பக்கம் இருந்தது. இடது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டினான். நாலு விரற்கடை தூரம். இன்னும் நீட்டினான். இரண்டு விரற்கடை. கழுத்து நரம்பு புடைத்தது. நகம் ஜக்கில் பட்டு ‘டிக்’ என்றது. அவ்வளவுதான். அடுத்த முயற்சியில் தலையணையோடு தரையில் இருந்தான்.

டைப்பிஸ்ட் அம்மா மட்டும் கை தட்டினார். தட்டியபோது சத்தம் வரவில்லை.

“எழுதினவங்க உள்ளதை உள்ளபடி எழுதியிருக்காங்க” என்றார் எக்ஸ்ரே. “தண்ணி காட்டுறாங்கன்னு. நாமதான் படிச்ச மேதாவிங்க, அதுக்கு வேற அர்த்தம் கண்டுபிடிச்சோம். இங்க தண்ணியைக் கொடுக்கிறதில்ல கமா. காட்டுறாங்க.”

அவர் எழுந்து கட்டில் கட்டிலாக நடந்தார். கமா முட்டியைத் தேய்த்துக்கொண்டு பின்னால் போனான். டைப்பிஸ்ட் அம்மாவுக்கு ஜக் இல்லை, பாட்டில். மூடி இறுகத் திருகியிருந்தது. அந்த விரல்கள் அதைத் திறக்க இன்னொரு ஜென்மம் வேண்டும். கை நடுங்கும் போஸ்ட்மாஸ்டர் சம்சாரத்துக்கு மூடியில்லாத ஜக், விளிம்புவரை தளும்பத் தளும்ப. எடுத்தால் வாய்க்கு வரும் முன்னே மடியில் கொட்டிவிடும். எல்லாவற்றையும் மறந்துகொண்டிருந்த டெய்லருக்கு, கண்ணெதிரே இல்லாதது உலகத்திலேயே கிடையாது. அவர் ஜக் தலைமாட்டுக்குப் பின்னால் இருந்தது.

“அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கே மேடம்” என்றான் கமா. அவன் ஜோக்காகச் சொல்லவில்லை.

“தற்செயலுங்க” என்றார் நிர்வாகி அம்மா. “மேஜையை அந்தந்த இடத்துல போட்டிருக்கு, அவ்வளவுதான். அட்டையில டிக் இருக்கு பாருங்க. ஜக்கும் இருக்கு. தண்ணியும் இருக்கு. இல்லேன்னு யாராவது ஒருத்தர் எழுதிக் கொடுக்கட்டும்.”

அதுதான் முடிச்சு. ஜக் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. கமா அதை உறுதிப்படுத்திக்கொள்ள விதிப் புத்தகத்தை ஒருமுறை புரட்டினான். ‘படுக்கைக்கு அருகில் குடிநீர்’ என்றிருந்தது. அருகில்தான் இருந்தது.

கண்டக்டரிடம் வாக்குமூலம் எடுத்தார்கள். எடுக்க முயன்றார்கள் என்பதுதான் சரி. எக்ஸ்ரே ஜக்கை இடது பக்கம் வைத்ததும் அவர் அதைப் பிடுங்கிக்கொண்டார். அரை ஜக் ஒரே மூச்சில் போயிற்று. மிச்சத்தில் பாதி சட்டையில் போயிற்று. “உங்களுக்குத் தண்ணி தர்றதில்லை, சரியா?” “ரைட்.” “தர்றாங்க, சரியா?” “ரைட்.” சொல்லிவிட்டு, சொன்னது தவறு என்று அவருக்கே தெரிந்து, இடது கையால் கட்டில் விளிம்பை ஓங்கி அடித்தார். மறுபடி வாயைத் திறந்தார். மறுபடியும் அதே வார்த்தைதான் வந்தது. கண்ணில் நீர் முட்டியது.

கமா நோட்டை மூடிவிட்டு டைப்பிஸ்ட் அம்மாவிடம் போய் மண்டி போட்டான். “அம்மா, உங்களுக்குத்தான் வாய் இருக்கே. ஒரு கையெழுத்து. இல்லேன்னா கைநாட்டு.”

“தம்பி, இதுக்கு முன்னாடி இருந்த இல்லத்துல எழுதிக் கொடுத்தவ நான்” என்றார் அவர். குரலில் இருந்த கிண்டல் எங்கோ போயிருந்தது. “ஜெயிச்சேன். இழுத்து மூடிட்டாங்க. ஆளாளுக்கு ஒரு வேன்ல ஏத்தினாங்க. ஆறு வருஷம் பக்கத்துக் கட்டில்ல இருந்தவ, எந்த வேன்ல போனான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இங்க தாகமா இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா இங்க இருக்கேன்ல?”

கமா திரும்பி மேடத்தைப் பார்க்கவில்லை. அந்த மூடல் உத்தரவில் யாருடைய கையெழுத்து இருந்தது என்று அவனுக்குத் தெரியும்.

எக்ஸ்ரே கண்டக்டரின் நனைந்த சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றியவர் காலரைத் திருப்பிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

“கமா, உன் சட்டைக் காலருக்கு உள்பக்கம் என்ன எழுதியிருக்கு?”

“கம்பெனி பேரு.”

“எந்தக் கம்பெனி?”

கமா யோசித்தான். தினமும் போடுகிற சட்டை. “தெரியலையே மேடம். போட்டுக்கிட்டா முதுகுப் பக்கம்ல இருக்கும்.”

அவர் காலரைக் காட்டினார். துணி வெளுத்தாலும் போகாத கறுப்பு மையில் 11 என்று இருந்தது. “சலவைக்குப் போட்டா மாறிடக் கூடாதுன்னு போட்ட நம்பர். கட்டில்ல இல்ல, அட்டையில இல்ல, காலர்ல இருக்கு. போட்டுக்கிறவங்க கண்ணுக்குப் படாத இடம். நிர்வாகி அம்மாவுக்கே தெரியல. அப்ப இந்த வீட்டுல கண்டக்டரைப் பதினொண்ணுன்னு தெரிஞ்ச ஆள் யாரா இருக்கும்?”

“துவைக்கிறவங்க” என்றான் கமா. பிறகு, “சட்டை மாட்டி விடறவங்க.”

பின்கட்டில் துணிக் கொடிகளுக்கு நடுவே அவள் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் அட்டெண்டர். இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு மார்க்கர் பேனா. ஈரப் படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள்.

எக்ஸ்ரே கடிதத்தையும் சட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். “ஒண்ணுங்கிற எண்ணுக்கு அடியில கோடு போடறது நல்ல பழக்கம். ரெண்டுலயும் இருக்கு.”

அவள் பயந்ததாகத் தெரியவில்லை. விரிப்பைக் கொடியில் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள். “மூணு லெட்டர் போட்டேன் மேடம். இவ்வளவு நாளா?”

கமா கடிதத்தின் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினான்.

“இங்கே இருப்பவர்கள்னு எழுதியிருக்கீங்களேக்கா” என்றான்.

“நானும் இங்கதானே இருக்கேன்.”

“சரி, அந்த ஜக்கையெல்லாம் எட்டாத பக்கம் மாத்தி வைக்கிறது யாருன்னு சொல்லுங்க. நிர்வாகி அம்மாவா? பேரைச் சொன்னீங்கன்னா...”

“நான்தான்.”

கொடியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

“நான்தான் தம்பி. மேனேஜரம்மாவுக்கு யாருக்கு எந்தக் கை விளங்காதுன்னே தெரியாது. யாருக்கு எது எட்டும், எது எட்டாதுன்னு எனக்குத்தானே தெரியும்.” அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “ரெண்டு மணிக்கு மேல நான் ஒருத்திதான். இருபத்தோரு பேரு. தண்ணி கொடுத்தா நனையும். நனைஞ்சா மாத்தணும். மாத்தணும்னா தூக்கணும். கண்டக்டர் அண்ணனைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். ஒரு நாள் தனியாத் தூக்கிக் கை நழுவி விட்டுட்டேன். தரையில கிடந்து, என்னைப் பார்த்து அந்த ஒத்த வார்த்தையைச் சொன்னாரு. பரவாயில்லன்னு சொல்றாருன்னு நினைச்சுக்கிட்டேன். என்ன சொன்னாரோ. அதுக்கப்புறம் மேனேஜரம்மா சொன்னாங்க, ரெண்டு மணிக்கு மேல தண்ணி காட்டினாப் போதும்னு.”

“வாயாலயா, எழுத்தாலயா?” என்றார் எக்ஸ்ரே.

“அவங்க எதையும் எழுத மாட்டாங்க.” அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. “எங்க வீட்டுல மாடு இருந்திச்சு மேடம். மாட்டுக்குத் தண்ணி காட்டுறதுன்னா வாளியை மூஞ்சிக்கு முன்னாடி வைக்கிறது. அது குடிச்சுக்கும். அதே வார்த்தைதான். இங்க செய்யும்போது வாயில வரமாட்டேங்குது.”

“செய்யறதை நிறுத்தியிருக்கலாமேக்கா” என்றான் கமா. சொன்ன பிறகு, இந்த வாய்க்குக் கமா என்று பெயர் வைத்தது தப்பு, பூட்டு போட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

“நிறுத்தினா யாராவது கீழ விழுவாங்க. நிறுத்தலைன்னா அண்ணன் செத்துப்போவாரு. நானே என்னை நிறுத்த முடியல தம்பி. யாராவது வந்து நிறுத்துவாங்கன்னுதான் எழுதினேன்.”

எக்ஸ்ரே படிவத்தை எடுத்தார். அதில் இரண்டு கட்டங்கள். ‘நிறுவனத்தின் குறைபாடு.’ ‘ஊழியரின் தவறு.’ முதல் கட்டத்தில் டிக் போட வேண்டுமென்றால், வேலைக்கு ஆள் குறைவு என்று காட்ட வேண்டும், அல்லது எழுத்தில் ஓர் உத்தரவு வேண்டும். விதிப்படி வளாகத்தில் எந்நேரமும் மூன்று ஊழியர்கள் இருக்க வேண்டும். இருந்தார்கள். ஒருவர் சமையலறையில், ஒருவர் கேட்டில், ஒருத்தி இங்கே விரிப்பைப் பிழிந்துகொண்டு.

எக்ஸ்ரே எண்ணிப் பார்த்தார். கமா எண்ணிப் பார்த்தான். மூன்றுக்கு மேலும் வரவில்லை, கீழும் வரவில்லை.

“இதுல நீங்க கையெழுத்துப் போட்டா அது உங்க மேலதான் போகும்” என்றார் எக்ஸ்ரே. “இந்த வீட்டு மேல ஒரு கீறல்கூட விழாது. அதையும் சொல்லிடறேன்.”

“போடலைன்னா?”

“கோப்பை மூடிடுவாங்க. ஒரு வருஷம் யாரும் வரமாட்டாங்க.”

“அண்ணனுக்கு ஒரு வருஷம் இல்ல மேடம்.”

“நான் வேற வழி யோசிக்கிறேன். ஒரு வாரம் டைம் கொடுங்க.”

“எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒரு நாள்தான் வருவீங்க” என்றாள் அவள். இடுப்புக் கயிற்றிலிருந்த மார்க்கரை எடுத்து, கமா நீட்டிய பேனாவைக் கவனிக்காமலே, கையெழுத்துப் போட்டாள். வெளுத்தாலும் போகாத மை.

அவன் அதை ஊதிக் காய வைத்தான். எத்தனையோ விசாரணைக்குப் போயிருக்கிறான். குற்றவாளி அகப்பட்டதும் மனசுக்குள் ஒரு சின்ன மேளம் கொட்டும். இன்று மேளக்காரன் எங்கேயோ போயிருந்தான்.

நிர்வாகி அம்மா வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் சிரிப்பு நிஜமாக இருந்தது. “நாங்களே கண்டுபிடிக்காததைக் கண்டுபிடிச்சுக் கொடுத்திருக்கீங்க. எங்க உறவுகளுக்கு இப்படி ஒரு கொடுமையா! இந்த நிமிஷமே நடவடிக்கை எடுக்கறேன்.”

“இந்த நிமிஷம் வேண்டாம்” என்றார் எக்ஸ்ரே. “மாத்து ஆள் வர்ற வரைக்கும்...”

“ஒத்துக்கிட்ட குற்றவாளியை உள்ள வச்சிருந்தா நாளைக்கு நீங்களே என்னைக் கேப்பீங்க மேடம். விதி எண் பதினாறு.”

கமா புரட்டினான். விதி எண் பதினாறு இருந்தது.

“புது ஆள் காலையில எட்டு மணிக்கு வந்துடும். அதுவரைக்கும் சமையல் அம்மா ஒரு கண் வச்சுப்பாங்க” என்று சொல்லிவிட்டு நிர்வாகி அம்மா ஆபீஸ் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் அட்டெண்டர் அக்கா ஒரு துணிப்பையோடு கூடத்தைக் கடந்து போனாள். கட்டில்களை அவள் பார்க்கவில்லை. கட்டில்கள்தான் ஒவ்வொன்றாகத் திரும்பி அவளைப் பார்த்தன. போஸ்ட்மாஸ்டர் சம்சாரம், “எங்கடி போறே, மணி நாலுதானே ஆகுது?” என்று கேட்டார். அவள் நிற்கவில்லை.

எக்ஸ்ரே படிவத்தை நிரப்பினார். புகார்: நிரூபணமானது. தவறு: ஊழியருடையது. நடவடிக்கை: எடுக்கப்பட்டது. மூன்று வரியிலும் ஒரு பொய் இல்லை.

“மேடம்” என்றான் கமா. “நாம இப்ப ஜெயிச்சிருக்கோமா?”

அவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். கைப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, டெய்லரின் தலைமாட்டிலிருந்த ஜக்கை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

“ஐயா, தண்ணி.”

டெய்லர் அதை முதல் முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். குடித்தார்.

கமா டைப்பிஸ்ட் அம்மாவின் பாட்டிலைத் திருகித் திறந்தான். அவனுக்கே இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. போஸ்ட்மாஸ்டர் சம்சாரத்துக்கு டம்ளரில் பாதி பாதியாக ஊற்றிக் கொடுத்தான். கண்டக்டரின் ஜக்கை மறுபடி நிரப்பி, அவர் குடிக்கக் குடிக்க அடியைத் தாங்கிப் பிடித்தான். எதிர் வரிசையிலிருந்து கைகள் நீண்டன. இருபத்தோரு கட்டிலில் ஆள், ஒரு காலிக் கட்டில். தூங்கிக்கொண்டிருந்த பாட்டியும் எழுந்து, “எனக்கு?” என்றார். தொண்டைகள் விழுங்கும் சத்தம் மட்டும் வரிசையாகக் கேட்டது. ஆபீஸ் வேலையில் ஒருநாளும் கிடைக்காத ஒரு சந்தோஷம் கமாவுக்கு வந்தது. சுமார் முக்கால் மணி நேரம் இருந்தது.

“தம்பி” என்றார் டைப்பிஸ்ட் அம்மா. “தண்ணி கொடுத்தீங்க, நல்லா இருங்க. ஆனா எனக்கு இப்ப போகணும் போல இருக்கே.”

“எங்கம்மா?”

“எங்கேன்னு கேக்கறீங்க பாருங்க. தனியா நடக்க முடியாது எனக்கு.”

போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் நடுங்கும் கையைத் தூக்கினார். டெய்லர் எதற்கென்று தெரியாமல் கால்களை இறுக்கிக்கொண்டார். கண்டக்டர் இடது கையால் விரிப்பைத் தட்ட ஆரம்பித்தார், முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. எதிர் வரிசையில் இரண்டு கை, மூன்று கை. கமா சமையலறைக்கு ஓடினான். சமையல் அம்மா இருபத்தோரு பேருக்கான பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டே, “எனக்கு அதெல்லாம் தெரியாது சாமி, நான் அடுப்பை விட்டு வந்ததே இல்ல” என்றார். ஆபீஸ் அறையில் பூட்டு தொங்கியது.

அவன் திரும்பி வந்தபோது எக்ஸ்ரே கண்டக்டரின் அகலமான முதுகுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது. முதுகு கட்டிலை விட்டு ஓர் அங்குலம்கூட எழவில்லை.

“கமா, காலைப் பிடி. பெட்பேன் எங்க வச்சிருக்காங்க?”

அவன் ஓர் அலமாரியைத் திறந்தான். ஜக்குகள். இன்னொன்றைத் திறந்தான். நாளைக்கான அட்டைகள், டிக் போட்டுத் தயாராக. மூன்றாவது பூட்டியிருந்தது, சாவி எந்த ஆணியிலும் இல்லை. ஜன்னலுக்கு ஓடினான்.

அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் துணிப்பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தாள்.